சிறப்பு உப்பு வகைகள்

சமையலுக்குப் பயன்படும் எல்லா உப்புகளும் பெரும்பாலும் சோடியம் குளோரைடு என்னும் ஒரே சேர்மத்தால் ஆனவை. ஆயினும், விளையும் இடம், எடுக்கும் முறை, படிகத்தின் வடிவம், நிறம், மணம் ஆகியவற்றைக் கொண்டு சில உப்புகள் தனிப்பெயருடன், சாதாரண உப்பைவிடப் பல மடங்கு விலையில் விற்கப்படுகின்றன. இவை சிறப்பு உப்பு வகைகள் எனலாம். பிரான்சின் உப்புப்பூ, இங்கிலாந்தின் செதில் உப்பு, பாகிஸ்தானின் இளஞ்சிவப்புப் பாறை உப்பு, வட இந்தியாவின் கருப்பு உப்பு, கொரியாவின் மூங்கில் உப்பு ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

இந்த உப்புகளைப் பற்றி இரண்டு வகையான கூற்றுகள் வழங்குகின்றன. ஒன்று, சுவையும் மொறுமொறுப்பும் வேறுபடுகின்றன என்பது. மற்றொன்று, இவை உடலுக்குக் கூடுதல் நன்மை தருகின்றன என்பது. முதல் கூற்றுக்கு இயற்பியல் அடிப்படை உண்டு. இரண்டாவது கூற்று கணக்கிட்டுப் பார்த்தால் நிற்பதில்லை. அதோடு, அயோடின் சேர்த்த உப்பை முற்றிலும் கைவிட்டுச் சிறப்பு உப்புகளுக்கு மாறும் குடும்பங்களுக்கு அதனால் ஒரு குறைபாடும் வரக்கூடும். இக்கட்டுரை இவ்வுப்புகள் உருவாகும் விதம், அவற்றின் வகைகள், அவற்றுக்குப் பின்னுள்ள உழைப்பு, உடல்நலம் சார்ந்த உண்மைகள் ஆகியவற்றை விளக்குகிறது.

உப்பின் வேதியியல்

சோடியம் குளோரைடின் எடையில் ஏறத்தாழ 39 விழுக்காடு சோடியம். மீதி 61 விழுக்காடு குளோரின். அதாவது 5 கிராம் தூய உப்பில் ஏறக்குறைய 2 கிராம் சோடியம் இருக்கும். இதன் படிகம் இயல்பாகக் கனசதுர வடிவம் கொண்டது. உருகுநிலை 801 பாகை செல்சியசு.

ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் அளவுக்கு உப்புகள் கரைந்துள்ளன. இவற்றில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடும்தான். மக்னீசியம், சல்பேட்டு, கால்சியம், பொட்டாசியம் ஆகியவை குறைந்த அளவில் உள்ளன. கடல்நீரை ஆவியாக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட்டும், பிறகு ஜிப்சமும் படிகின்றன. நீரின் அளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது சோடியம் குளோரைடு படியத் தொடங்குகிறது. கடைசியில் எஞ்சும் நீரில் மக்னீசியம் உப்புகள் செறிந்திருப்பதால் அது கசக்கும். இந்தக் கசப்பு நீரை உரிய நேரத்தில் வெளியேற்றுவதே உப்பு விளைவிப்போரின் முக்கியமான திறன். தூத்துக்குடி உப்பளங்களில் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்திச் செறிவாக்குவதும், பிரான்சில் களிமண் குளங்களின் வழியாக நீரை மெல்ல ஓடவிடுவதும் இந்த ஒரே விதியைப் பின்பற்றியே நடக்கின்றன.

பாறை உப்பு என்பது பழங்காலக் கடல்கள் வற்றியபோது படிந்து, பின்னர் மண்ணுக்கும் பாறைக்கும் அடியில் புதைந்துபோன கடல் உப்பே. ஆகவே 'கடல் உப்பு', 'பாறை உப்பு' என்னும் பிரிவு, உப்பு எப்போது கடலைவிட்டுப் பிரிந்தது என்பதைக் குறிக்கிறதே அன்றி, இரு வேறு பொருள்களைக் குறிப்பதில்லை.

படிகத்தின் வடிவமும் சுவையும்

உப்பு உமிழ்நீரில் கரைந்த பிறகே நாக்கு அதை உணர்கிறது. எனவே எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பது சுவையை மாற்றுகிறது. அடர்த்தியான கனசதுரக் கல்லுப்பு மெதுவாகக் கரையும். மெல்லிய செதில் உப்புக்குப் பரப்பளவு அதிகம் என்பதால் நாக்கில் பட்டதும் கரைந்து, ஒரு நொடி கூர்மையான உப்புச்சுவை தந்து மறையும். சற்று ஈரமான உப்புப்பூ, உணவின் மேல் தூவியவுடன் கரைந்துவிடாமல் கடிக்கும்போது நொறுங்கும்.

இந்த வேறுபாடுகள் உப்பு கரையாமல் இருக்கும்வரைதான். குழம்பிலோ ரசத்திலோ உலைநீரிலோ போட்டுக் கரைந்த பிறகு எந்தப் படிகமும் தன் வடிவத்தை இழந்துவிடுகிறது. விலையுயர்ந்த உப்பும் சாதாரண உப்பும் அங்கே ஏறத்தாழ ஒன்றே. கருப்பு உப்பு, புகையூட்டிய உப்பு போன்று தனி மணம் கொண்டவை மட்டுமே இதற்கு விலக்கு.

அளவிலும் கவனம் தேவை. ஒரு தேக்கரண்டி பொடி உப்பு ஏறக்குறைய 6 கிராம் எடையுள்ளது. அதே தேக்கரண்டியில் மெல்லிய செதில் உப்பை எடுத்தால் இடையே காற்று நிறைந்திருப்பதால் எடை பாதியளவே இருக்கக்கூடும். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளைப் பின்பற்றும்போது உணவு கரிப்பதற்கோ சப்பென்று ஆவதற்கோ இது ஒரு பொதுவான காரணம். எடையால் அளப்பதே பாதுகாப்பானது.

கடல் உப்பு வகைகள்

பிரான்சின் உப்புப்பூ

பிரான்சின் மேற்குக் கடற்கரையில், லுவார் ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள கெராண்ட் பகுதியின் உப்பளங்கள் புகழ்பெற்றவை. வெயிலும் மெல்லிய காற்றும் உள்ள கோடை நாள்களில் பாத்தி நீரின் மேற்பரப்பில் பூப்போல மெல்லிய படிக ஏடு மிதக்கும். பிரெஞ்சில் இதற்கு 'ஃப்ளர் த செல்', அதாவது உப்பின் மலர் என்று பெயர். நீண்ட கைப்பிடி கொண்ட தட்டையான துடுப்பால் இதை நீர்ப்பரப்பிலிருந்து மெதுவாக வழித்தெடுப்பர். தாமதித்தால் ஏடு கனத்து அடியில் மூழ்கிவிடும். மழை பெய்தால் அறுவடையே நின்றுபோகும். பாத்தியின் அடியில் படியும் கரடுமுரடான உப்பு தனியாக வாரப்படுகிறது. களிமண் துகள் சேர்வதால் அது சாம்பல் நிறமாக இருக்கும்.

இந்த உப்பளங்கள் 20ஆம் நூற்றாண்டில் ஆலை உப்பின் போட்டியால் நலிந்தன. 1970களில் கடற்கரைச் சுற்றுலாத் திட்டங்களும் அவற்றை நெருக்கின. உப்புத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்ததும், பின்னர் கூட்டுறவாக உப்பை விற்றதும் தொழிலைக் காப்பாற்றின. 2012இல் கெராண்ட் உப்புக்கும் கெராண்ட் உப்புப்பூவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கிடைத்தது. போர்த்துகலின் அல்கார்வே கடற்கரையிலும் இதே வகை உப்பு 'ஃப்ளோர் தெ சால்' என்னும் பெயரில் எடுக்கப்படுகிறது.

உப்புப்பூ ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. அமைதியான நீர்ப்பரப்பும் வெயிலும் உள்ள எந்த உப்பளத்திலும் மேற்பரப்பில் முதலில் இத்தகைய ஏடு உருவாகக்கூடும். அதைத் தனியே எடுத்து, பெயரிட்டு, காப்பாற்றிச் சந்தைப்படுத்தியதில்தான் கெராண்ட் வேறுபடுகிறது.

பிரித்தானியச் செதில் உப்பு

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், பிளாக்வாட்டர் முகத்துவாரத்தில் உள்ள மால்டன் நகரில் 1882 முதல் ஒரே நிறுவனம் உப்புக் காய்ச்சி வருகிறது. வெயில் குறைந்த நாடு என்பதால் இங்குச் சூரியனை நம்ப முடியாது. வடிகட்டிய கடல்நீரை அகன்ற தட்டையான தொட்டிகளில் சூடாக்குவர். நீர்ப்பரப்பில் மிதக்கும் சிறு படிகத்தின் ஓரங்களில் மேலும் மேலும் உப்பு படிய, அது கனத்துச் சிறிது சிறிதாகத் தாழும். இதனால் உள்ளே வெற்றிடமுள்ள தலைகீழ்க் கூர்ங்கோபுர வடிவம் உண்டாகிறது. கையால் நசுக்கினால் இவை செதில்களாக நொறுங்கும். வேல்சு நாட்டின் ஆங்கிள்சி தீவில் எடுக்கப்படும் 'ஹாலென் மோன்' உப்புக்கு 2014இல் ஐரோப்பியப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது.

தென்மார்க்கின் லேசோ உப்பு

நெருப்பால் உப்பெடுப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை லேசோ தீவின் வரலாறு காட்டுகிறது. இத்தீவின் கடலோரப் புல்வெளிகளின் அடியில் கடல்நீரைவிட உப்பு செறிந்த நிலத்தடி நீர் உள்ளது. இடைக்காலத்தில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இந்நீரை விறகிட்டுக் காய்ச்சி உப்பெடுத்தனர். விறகுக்காகக் காடுகள் அழிந்து, மணல் காற்றில் பறந்து நிலத்தை மூடியது. இதனால் 1652இல் உப்புக் காய்ச்சுதல் நிறுத்தப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய முறையை மீட்டெடுத்து, சிறிய அளவில் மீண்டும் காய்ச்சத் தொடங்கினர்.

யப்பானின் நோட்டோ உப்பு

யப்பானில் பாறை உப்பு இல்லை. மழையும் ஈரப்பதமும் அதிகம். ஆகவே அங்குச் செறிவாக்குதல், காய்ச்சுதல் என்று இரண்டு கட்டமாக உப்பெடுக்கும் வழக்கம் வளர்ந்தது. நோட்டோ தீபகற்பத்தின் சுசு பகுதியில் வழங்கும் 'அகெஹாமா' முறையில், கடல்நீரைக் கையால் சுமந்துவந்து மணல்பரப்பின் மேல் தெளிப்பர். வெயிலில் நீர் ஆவியாகி மணலில் உப்பு ஒட்டிக்கொள்ளும். அம்மணலைத் திரட்டி மேலும் கடல்நீர் ஊற்றி வடித்தால் செறிந்த உப்புநீர் கிடைக்கும். அதைப் பெரிய கொப்பரையில் நீண்ட நேரம் காய்ச்சி உப்பெடுப்பர். எஞ்சும் கசப்பு நீரான 'நிகாரி', சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்யப் பயன்படுகிறது.

யப்பானிய அரசு 1905இல் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. 1971இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தால் அயனிப் பரிமாற்றச் சவ்வு கொண்ட ஆலை முறையே நிலைபெற்று, மரபு உப்பளங்கள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்தன. நோட்டோவில் மட்டும் பண்பாட்டுச் சின்னமாகச் சிறிதளவு தொடர்ந்தது. 1997இல் தனியுரிமை நீங்கிய பிறகே சிறு உப்புத் தயாரிப்பாளர்கள் மீண்டும் பெருகினர். 2024 சனவரி 1 அன்று நோட்டோவைத் தாக்கிய நிலநடுக்கத்தில் கடற்கரையின் பல இடங்கள் மேலே உயர்ந்து கடல் பின்வாங்கியதால் உப்புத் தொழிலும் பாதிக்கப்பட்டது.

பாறை உப்பு வகைகள்

கேவ்ரா இளஞ்சிவப்பு உப்பு

'இமயமலை உப்பு' என்னும் பெயரில் உலகெங்கும் விற்கப்படும் இளஞ்சிவப்பு உப்பு பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலிருந்து வருகிறது. ஜீலம் மாவட்டத்தில் உள்ள கேவ்ரா சுரங்கம் இதன் முதன்மை மூலம். உலகின் மிகப் பெரிய உப்புச் சுரங்கங்களுள் ஒன்று. இது இமயமலையில் இல்லை. அதற்குத் தெற்கே உள்ள உப்புத் தொடர் என்னும் தாழ்ந்த குன்றுகளில் உள்ளது. இங்குள்ள உப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிய கடலின் படிவு. இரும்பு ஆக்சைடுகள் சிறிதளவு கலந்திருப்பதே இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம்.

கி.மு. 326இல் அலெக்சாந்தர் படையெடுத்து வந்தபோது குதிரைகள் இங்குள்ள பாறையை நக்கியதால் உப்பு கண்டறியப்பட்டது என்று ஒரு மரபுக்கதை வழங்குகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1872இல் வார்த் என்னும் பொறியாளர் அமைத்த முதன்மைச் சுரங்கப்பாதையோடு பெரிய அளவிலான சுரங்கவேலை தொடங்கியது. உப்பில் பாதியளவை வெட்டியெடுத்து, மீதியைக் கூரை தாங்கும் தூண்களாக விட்டுவைக்கும் முறை இங்குப் பின்பற்றப்படுகிறது.

இந்திய மருத்துவ மரபுக்கு இந்த உப்பு புதிதன்று. சிந்து நதிப் பகுதியிலிருந்து வந்ததால் வடமொழியில் 'சைந்தவ லவணம்' எனப்பட்ட பாறை உப்பே தமிழில் இந்துப்பு. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இது இடம்பெறுகிறது. வட இந்தியாவில் விரத நாள்களில் சாதாரண உப்புக்குப் பதிலாக இதைச் சேர்ப்பர். நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று நெடுங்காலமாக விற்கப்பட்டதும், இன்று அழகிய சீசாவில் இளஞ்சிவப்பு உப்பு என்று விற்கப்படுவதும் ஒரே வகைப் பொருளே.

2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 200 விழுக்காடு சுங்கவரி விதித்தது. 2025 மே மாதம் அந்நாட்டு இறக்குமதி முழுவதையும் தடைசெய்தது. இமாசலப் பிரதேசத்தின் மண்டி பகுதியில் இந்தியாவுக்குச் சொந்தமாகவும் பாறை உப்புப் படிவு உண்டு.

பாரசீக நீல உப்பு

ஈரானின் செம்னான் மாகாணத்தில் எடுக்கப்படும் பாறை உப்பில் சில படிகங்கள் நீலமாக ஒளிர்கின்றன. இது சாயமன்று. படிகத்தினுள் அணுக்களின் ஒழுங்கில் உள்ள குறைபாடுகள் ஒளியின் சில நிறங்களை உட்கவர்வதால் தோன்றும் நிறம். ஆதலால் பொடித்தாலும் கரைத்தாலும் நீலம் மறைந்துவிடும். இது பெரும்பாலும் கண்ணுக்கு விருந்தாகவே உணவின் மேல் தூவப்படுகிறது.

பதப்படுத்திய உப்பு வகைகள்

கருப்பு உப்பு

வட இந்தியாவில் 'காலா நமக்' எனப்படும் கருப்பு உப்பு, பாறை உப்பைக் கடுக்காய் முதலியவற்றோடு சூளையில் மிக அதிக வெப்பத்தில் நெடுநேரம் சுட்டு உருவாக்கப்படுகிறது. அப்போது உப்பிலுள்ள சல்பேட்டு, கரியுடன் வினைபுரிந்து சல்பைடாக மாறுகிறது. அவித்த முட்டையை நினைவூட்டும் மணம் இந்தக் கந்தகச் சேர்மங்களிலிருந்தே வருகிறது. கட்டியாக இருக்கும்போது கருஞ்சிவப்பாகத் தோன்றும் இது பொடித்தால் வெளிறிய இளஞ்சிவப்பாகும். சாட் மசாலா, மாங்காய்ப் பானகம், பழக்கலவை ஆகியவற்றில் இதன் இடம் நிலையானது. முட்டை உண்ணாதோர் முட்டைச் சுவைக்காக இதைப் பயன்படுத்தும் வழக்கம் இப்போது உலகெங்கும் பரவியுள்ளது.

கொரிய மூங்கில் உப்பு

கொரியாவின் மேற்குக் கடற்கரையில் விளையும் உப்பை மூங்கில் குழாய்களில் அடைத்து, வாயைக் களிமண்ணால் மூடி, பைன் விறகில் சுடுவர். மூங்கில் எரிந்த பின் எஞ்சும் உப்புத்தூணைப் பொடித்து மீண்டும் புதிய மூங்கிலில் அடைப்பர். உயர்ந்த வகைக்கு இவ்வாறு ஒன்பது முறை செய்யப்படுகிறது. இறுதிச் சூட்டில் உப்பே உருகி ஓடும். 'ஜுக்யோம்' எனப்படும் இதன் விலை பெரும்பாலும் இந்த நீண்ட உழைப்புக்கும் எரிபொருளுக்குமானது.

ஹவாயின் செம்மண் உப்பு

ஹவாய்த் தீவுகளில் கடல் உப்புடன் இரும்புச்சத்துள்ள எரிமலைச் செம்மண்ணைக் கலந்து 'அலயா' உப்பு செய்யப்படுகிறது. கவாய் தீவின் ஹனபேபே என்னும் இடத்தில் சில குடும்பங்கள் தலைமுறைகளாகக் களிமண் பாத்திகளில் உப்பு விளைவித்து வருகின்றன. இவ்வுப்பை விற்பது அவர்கள் வழக்கம் இல்லை. அன்பளிப்பாகத் தரலாம், பண்டமாற்றுச் செய்யலாம். கடைகளில் ஹவாய் உப்பு என்னும் பெயரில் கிடைப்பது இந்தப் பாத்திகளில் விளைந்ததன்று.

பிலிப்பைன்சின் பானை உப்பு

பிலிப்பைன்சின் போஹோல் தீவில் தேங்காய் மட்டைகளைப் பல மாதங்கள் கடல்நீரில் ஊறவைத்து, உலர்த்தி எரித்துச் சாம்பலாக்குவர். அச்சாம்பலின் மேல் கடல்நீரை ஊற்றி வடித்தெடுத்த நீரை மண்பானைகளில் காய்ச்சினால் பானையின் வடிவிலேயே கெட்டியான உப்பு உருண்டை கிடைக்கும். 'அசின் திபுவொக்' எனப்படும் இது புகை மணம் கொண்டது. உணவின் மேல் துருவித் தூவுவர்.

மேற்கண்டவை தவிர, ஓக், ஆப்பிள் முதலிய மரங்களின் புகையில் வைத்த புகை உப்பும், கரித்தூள் கலந்த கருநிற எரிமலை உப்பும் சந்தையில் உண்டு. பின்னதில் கருமை தருவது சேர்க்கப்பட்ட கரியே.

தாதுச்சத்து பற்றிய கூற்று

இளஞ்சிவப்பு உப்பில் 84 தாதுக்கள் உள்ளன என்பது விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் வாசகம். நுண்ணிய கருவிகளால் ஆராய்ந்தால் பாறையில் பல தனிமங்களின் தடயங்கள் தென்படும் என்பது உண்மையே. எவ்வளவு என்பதே கேள்வி.

ஒரு நாளைக்கு 5 கிராம் இளஞ்சிவப்பு உப்பு உண்பதாகக் கொள்வோம். அதில் 97 விழுக்காடு சோடியம் குளோரைடு என்றால், மற்ற எல்லாப் பொருள்களும் சேர்ந்து 150 மில்லிகிராம்தான். வளர்ந்தவருக்கு நாள்தோறும் தேவைப்படும் பொட்டாசியம் ஏறத்தாழ 3,500 மில்லிகிராம். கால்சியம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். அந்த 150 மில்லிகிராமையும் பல தனிமங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடிக் கீரையோ தரும் அளவுக்கு அருகில்கூட இது வராது.

ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்ட 31 இளஞ்சிவப்பு உப்பு மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. குறிப்பிடத்தக்க தாதுச்சத்து பெற நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் உண்ண வேண்டும் என்றும், அதனால் வரும் சோடியத்தின் தீங்கு எந்த நன்மையையும் விழுங்கிவிடும் என்றும் அது கூறியது. ஒரு மாதிரியில் ஈயத்தின் அளவு அந்நாட்டு வரம்பை மீறியிருந்தது. இயற்கையாகக் கிடைப்பதால் மட்டும் ஒரு பாறை தூயதாகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது. கடல் உப்புக்கும் தன் சிக்கல் உண்டு. பல நாடுகளின் 39 உப்பு வணிகப்பெயர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 36இல் நுண்ணெகிழித் துகள்கள் காணப்பட்டன.

சோடியத்தின் அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உலகச் சராசரியோ 10.8 கிராம் என அந்நிறுவனத்தின் 2023 அறிக்கை கூறுகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் இளஞ்சிவப்பு உப்புக்கு மாறி அளவைக் குறைக்காவிட்டால் பயன் இல்லை. சோடியத்தைக் குறைத்து அதற்கீடாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பு வேறு வகை. அது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தீங்காகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

அயோடின் பற்றிய உண்மை

தைராய்டு சுரப்பி இயங்க அயோடின் தேவை. அது குறைந்தால் முன்கழுத்துக் கழலை உண்டாகும். கருவுற்ற தாய்க்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். வளர்ந்தவருக்கு நாள்தோறும் 150 மைக்ரோகிராமும் கருவுற்றோருக்கு 250 மைக்ரோகிராமும் தேவை.

கடலில் அயோடின் இருப்பதால் கடல் உப்பிலும் போதிய அயோடின் இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் அயோடின்தான் உண்டு. அது முழுவதும் அந்த லிட்டரில் கிடைக்கும் 35 கிராம் உப்பிலேயே தங்கினால்கூட, 5 கிராமில் 9 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். உண்மையில் உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. பாறை உப்பின் நிலையும் இதுவே. எனவே அயோடின் சேர்க்கப்படாத எந்தச் சிறப்பு உப்பும் இத்தேவையை நிறைவு செய்யாது.

சுவிட்சர்லாந்து 1922இலும், அமெரிக்கா 1924இலும் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கின. இந்தியாவில் 1956இல் காங்கிரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் கழலை நோய் குறைவதைக் காட்டியது. அதைத் தொடர்ந்து 1962இல் தேசியக் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் வந்தது. இப்போது இந்தியாவில் அயோடின் சேர்த்த உப்பில், நுகர்வோரை அடையும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும்.  15 பங்கு என்ற கணக்கில் 5 கிராம் உப்பு 75 மைக்ரோகிராம் தரும். மீன், பால், முட்டை போன்றவை மீதியைத் தரலாம்.

ஆனால் இந்த நல்ல விதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பிலிப்பைன்சு 1995இல் இயற்றிய சட்டம் உப்பு உற்பத்தியாளர் அனைவரும் அயோடின் சேர்க்க வேண்டும் என்றது. அதற்கான கருவி வாங்க இயலாத சிறு உப்புக் குடும்பங்கள் பல தொழிலைக் கைவிட்டன. நீண்ட கடற்கரை கொண்ட அந்நாடு தன் உப்பின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. மேலே சொன்ன பானை உப்பும் அழிவின் விளிம்புக்குச் சென்றது. 2024இல் உப்புத் தொழிலை மீட்கப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பொதுநலத்தையும் மரபுத் தொழிலையும் ஒருசேரக் காப்பது எளிதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

விலை எதற்கானது?

சிறப்பு உப்பின் விலையில் அடங்குவது தாதுச்சத்து அன்று; மனித உழைப்பு, எரிபொருள், பருவநிலையின் நிச்சயமின்மை, ஊரின் பெயர் ஆகியவை. அந்த விலை யாரைச் சேர்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. கெராண்டில் கூட்டுறவும் புவிசார் குறியீடும் இருப்பதால் பெயரின் மதிப்பில் ஒரு பங்கு உப்பு வாருவோரிடமே தங்குகிறது. கேவ்ரா உப்போ பெரும்பாலும் பாறைக்கட்டியாகவே ஏற்றுமதியாகி, வேறு நாடுகளில் பொடித்துச் சீசாவில் அடைக்கப்பட்டு, இமயமலையின் பெயரில் விற்கப்பட்டு வந்தது. தன் பொருள்களின் பெயரைக் காக்க ஒரு புவிசார் குறியீட்டுச் சட்டத்தைப் பாகிஸ்தான் 2020இல்தான் இயற்றியது.

உலக உப்பு உற்பத்தியில் முன்னணியில் உள்ள இந்தியாவில் குசராத்து முதலிடம் வகிக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி முதன்மையான உப்பு மாவட்டம். ஆண்டின் தொடக்கத்தில் தொடங்கும் உப்புப் பருவம் வடகிழக்குப் பருவமழை வரும்போது முடிகிறது. வெண்மையான பாத்திகளில் எதிரொளிக்கும் வெயிலிலும் செறிந்த உப்புநீரிலும் நின்று உப்பு வாரும் தொழிலாளர்களுக்குக் கண், தோல் தொல்லைகள் வருவதும் மழைக்காலத்தில் வேலை இல்லாமற்போவதும் வழக்கம். கெராண்டில் நடப்பதும் இங்கு நடப்பதும் ஒரே வேலைதான். பெயர் பெற்ற உப்புக்கும் பெயரில்லாத உப்புக்கும் உள்ள விலை வேறுபாட்டை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

பயன்படுத்தும் முறை

- அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பே ஏற்றது. இதைக் காற்றுப் புகாத கலனில், ஈரமும் அடுப்பின் சூடும் படாமல் வைக்க வேண்டும்.
- உப்புப்பூ, செதில் உப்பு ஆகியவற்றைப் பரிமாறும் நேரத்தில் மேலே தூவ வேண்டும். வெட்டிய தக்காளி, மாங்காய், பொரித்த முட்டை, வறுத்த மீன், கருப்பு சாக்லேட் ஆகியவற்றுக்கு இவை பொருந்தும்.
- கருப்பு உப்பின் மணம் வலிமையானது. மோர், எலுமிச்சைச் சாறு, பழத்துண்டுகள் ஆகியவற்றில் ஒரு சிட்டிகை போதும்.
- ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் விலையுயர்ந்த உப்பு தேவையில்லை. தூய கல்லுப்பே போதுமானது.
- வாங்கும்போது உறையில் விளைந்த இடம், அயோடின் சேர்க்கப்பட்டதா என்பது, நிறமோ புகைமணமோ சேர்க்கப்பட்டதா என்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 'இயற்கையானது' என்னும் சொல் மட்டும் இவற்றுள் எதையும் தெரிவிப்பதில்லை.
- எந்த உப்பானாலும் மொத்த அளவு ஒன்றே. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றில் உள்ள உப்பும் நாளொன்றுக்கான 5 கிராமில் அடங்கும்.